ஃப்ரிட்ஜ் மேலே ரெண்டு வருஷம் இருந்த போர்பன் கவுன்டி: ஸ்டவுட்டா, சோயா சாஸா?

நேப்பர்வில் கடைசி ரயில்:

என்கூட வேலை பார்க்கிறவர் ஒருத்தர், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள், தள்ளுபடி விற்பனை அன்னைக்கு, விடியறதுக்கு முன்னாடியே கடை வாசல்ல க்யூவில் நிற்கிற ஆள். டிவிக்காக இல்லை, பீருக்காக. சிகாகோவில் கூஸ் ஐலண்ட்னு ஒரு பீர் கம்பெனி. போர்பன் விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறவெச்ச கெட்டியான கறுப்பு பீர், அதான் போர்பன் கவுன்டி ஸ்டவுட், அதை வருஷா வருஷம் அன்னைக்குத்தான் வெளியே விடுவாங்க. அவருக்கு வீடு மாத்த உதவினதுக்கு 2021 பாட்டில் ஒண்ணு கொடுத்தார், அரை லிட்டர். "அவசரப்பட்டுக் குடிச்சிடாதே, வைக்கலாம்"னார். சரின்னு ஃப்ரிட்ஜுக்கு மேல இருக்கிற அலமாரியில, இடியாப்ப மாவு டப்பாவுக்குப் பின்னால வெச்சேன். மறந்தே போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு போன சனிக்கிழமைதான் கண்ணில் பட்டது.

ஃப்ரிட்ஜில் போட்டு நல்லா ஜில்லுன்னு ஆனதும் பெரிய பீர் கிளாஸில் ஊத்தினேன். நுரைன்னு பேருக்கு ஒரு பழுப்புக் கோடு, அதுவும் உடனே காணோம். வண்டிக்கு ஆயில் மாத்தறப்போ பழசு இறங்குமே, அப்படி இறங்கிச்சு. முதல் வாய், அடிப்பிடிச்ச கருப்பட்டிப் பாகு. அடுத்து சோயா சாஸ். நிஜமாத்தான் சொல்றேன், சைனீஸ் ஹோட்டல் மேஜையில் இருக்கிற அதே குப்பி. கடைசியில தொண்டையில விஸ்கிக் காட்டம். உதடு பிசுபிசுன்னு ஒட்டுது. பாதிக்கு மேல முடியலை, மூடி வெச்சுட்டேன்.

என் மனைவி குடிக்க மாட்டா, ஆனா மூக்கு பொல்லாத மூக்கு. கிளாஸை முகர்ந்துட்டு, "கொப்பரை காயப்போட்ட மொட்டை மாடி மாதிரி இருக்கு"ன்னா. அவளுக்குப் பொள்ளாச்சி, அதனால நம்பித்தான் ஆகணும்.

இத்தனை பேர் குளிரில் நின்னு வாங்கறது இதைத்தானா? இல்லை நான் எதையாவது கெடுத்துட்டேனா? அப்புறம், இதில் தேங்காய் போடறாங்களா?

பீப்பாய்ப் பித்தன் (லூயிவில்):

தம்பி, உங்க வீட்டிலேயே ரொம்பச் சூடான அலமாரியில கொண்டுபோய் வெச்சிருக்கீங்க. ஃப்ரிட்ஜ் உள்ளேயிருந்து இழுக்கிற சூடெல்லாம் வெளியேதானே வரும்? இந்த மாதிரி காட்டமான ஸ்டவுட்டை வருஷக்கணக்கா வைக்கலாம், ஆனா இருட்டிலும் குளிர்ச்சியிலும். சூடும், பாட்டிலுக்குள்ள மாட்டிக்கிட்ட கொஞ்சம் ஆக்ஸிஜனும் சேர்ந்தா மால்ட்டோட, அதாவது பீருக்குப் போடற முளைகட்டின தானியத்தோட, ருசியை சோயா சாஸ் பக்கம் இழுத்துட்டுப் போயிடும். அது மேல சந்தேகமே வேண்டாம்.

தேங்காய் விஷயத்தில் உங்க வீட்டம்மா சொன்னது நூத்துக்கு நூறு. தேங்காய் போட்ட தனி வகையும் வந்ததுண்டு, ஆனா உங்க பாட்டிலில் அந்த வாசனை மரத்திலிருந்து வந்தது. ஓக் மரத்தில் லாக்டோன்னு ஒரு பொருள் இருக்கு, அதுக்குத் தேங்காய் வாசனை. ஐரோப்பிய ஓக்கைவிட அமெரிக்க வெள்ளை ஓக்கில் தூக்கல். வனிலா வாசனையும் மரத்தோடதுதான், பீப்பாயை நெருப்பில் வாட்டும்போது மரத்தில் இருக்கிற லிக்னின்ங்கிற பொருள் உடைஞ்சு வருது.

போர்பன்னு பேர் போடணும்னா, உள்பக்கம் கரியாக்கின புது ஓக் பீப்பாயில்தான் ஊறணும், இது அமெரிக்கச் சட்டம். ஒரு தடவை இறக்கின பீப்பாயில் திரும்பப் போர்பன் போட முடியாது. அதனால எங்க கென்டக்கியில் 53 காலன், அதாவது சுமார் 200 லிட்டர் பிடிக்கிற காலிப் பீப்பாய் மலை மலையா மிஞ்சும். பெரும்பகுதி ஸ்காட்லாந்து விஸ்கிக்குப் போகும், கொஞ்சம் பீருக்கு. காலின்னு சொல்றோமே ஒழிய, பலகைக்குள்ள லிட்டர் கணக்கில் விஸ்கி ஊறிக் கிடக்கும். பருவத்துக்குப் பருவம் சூடும் குளிரும் மாறும்போது பீர் அந்தப் பலகைக்குள்ள போயிட்டுப் போயிட்டு வரும். உங்க தொண்டைக் காட்டத்தில் கொஞ்சம் அந்தப் பலகையில இருந்ததுதான்.

இனிப்புக்கு யாரும் சர்க்கரை அள்ளிப் போடலை. அவ்வளவு மால்ட் போட்டு ஆரம்பிச்சா, சாராயம் 14 சதவீதத்தை நெருங்கும்போது ஈஸ்ட் கையை விரிச்சிடும். தின்னாத சர்க்கரை அப்படியே நிற்கும்.

இன்னொண்ணு, நீங்க ஒருத்தரா உக்காந்து திறந்தது. அரை லிட்டர், 14 சதவீதம்னா நம்ம சாதாரண 350 மில்லி பீர் நாலு. பாதியில மூடினது புத்திசாலித்தனம். அடுத்த தடவை நாலு பேர், சின்ன பிராந்தி கிளாஸ், 12, 13 டிகிரி செல்சியஸ். ஜில்லுன்னு இருந்தா வாசனை வெளியே வராது, கருகல் கசப்பும் சாராயமும்தான் முன்னாடி வந்து நிற்கும்.

லாகர் மட்டும்:

பீர்னா தாகம் தணியணும். பிராந்தி கிளாஸ்ல, வெதுவெதுன்னு, நாலு பேர் பங்கு போட்டு... இதுக்குப் பேர் கஷாயம்ணே.

லீத் மழை (எடின்பரோ):

லாகர்னு லேசான பீர் மட்டும் கேக்கிற தம்பிக்கும் ஒரு வழி இருக்கு. இங்கே இன்னிஸ் அண்ட் கன்னுன்னு ஒரு ஓக் பீர், 2003-ல ஆரம்பிச்சது. ஒரிஜினல் 6.6 சதவீதம்தான். அது பிறந்த கதையே கூத்து. வில்லியம் கிரான்ட் விஸ்கி கம்பெனிக்கு பீர் ருசி ஏறின பீப்பாய் வேணும், அதில் விஸ்கியை ஊறவைக்க. டூகல் ஷார்ப்ங்கிற பீர்க்காரர் காய்ச்சிக் கொடுத்தார். பீப்பாய்க்கு ருசி ஏறினதும் பீரைக் கீழே கொட்டிடறதுதான் ஏற்பாடு. கொட்ட வேண்டிய ஆட்கள் ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டாங்க. அவ்வளவுதான், கொட்ட இருந்ததே வியாபாரமாயிடுச்சு. பிற்பாடு பீப்பாய்க்குப் பதிலா ஓக் துண்டுகள் வழியா பீரைச் சுத்தவிடும் முறைக்கும் போனாங்க, ருசி அதனால கொஞ்சம் மெலிஞ்சதுன்னு எனக்கொரு மனக்குறை. பால்கோவா ஓரத்தில் சிவந்திருக்குமே, அந்த இனிப்பு. முதல்ல இதைக் குடிச்சுட்டு அப்புறம் சிகாகோ மலையில ஏறலாம்.

நேப்பர்வில் கடைசி ரயில்:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். நண்பர்கிட்ட உண்மையை ஒத்துக்கிட்டேன். "ஃப்ரிட்ஜ் மேலயா?"ன்னு ஒரே கேள்விதான், அப்புறம் கொஞ்ச நேரம் பேசலை. கடைசியில அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்த அதே 2021-ஐ எடுத்தார். நாலு பேர். வெளியே எடுத்து முக்கால் மணி நேரம் கழிச்சுத்தான் திறந்தோம்.

வேற சரக்கு! மூக்குக்கு முதல்ல வந்தது கொப்பரைதான், மனைவிக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். பின்னால வனிலா, கறுப்புத் திராட்சை. கருகல் இருக்கு, ஆனா அது இப்போ ரெண்டாம் டிகாக்ஷன் கசப்பு, அடிப்பிடிச்ச சட்டி இல்லை. கைச்சூட்டில் இருபது நிமிஷம் இருந்ததும் உடன்குடிக் கருப்பட்டியை வாயில ஒதுக்கி வெச்ச மாதிரி மெதுவா கரையுது. சோயா சாஸைத் தேடித்தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை.

இனிப்பு மட்டும் அப்படியேதான். அரை கிளாஸ் தாண்டினதும் எனக்குத் திகட்டிடுச்சு. உப்புக்கடலை ஒரு கைப்பிடி தின்னதும் இன்னும் ரெண்டு வாய் போச்சு, அதுக்கு மேல ஆசையில்லை. விடியக்காலை க்யூவில் நிற்க மாட்டேன், நிற்கிறவங்க ஏன் நிற்கிறாங்கன்னு கேக்கவும் மாட்டேன்.

என்னோட மிச்சப் பாதியையும் எடுத்துட்டுப் போயிருந்தேன். நண்பர் ஒரு வாய் வெச்சுட்டு, "இதில் கோழியை ஊறப்போடலாம்"னார். இஞ்சி பூண்டு தட்டிப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவெச்சோம். கோழி நல்லாவே இருந்தது.