லத்தீன் வரிக்குள் 1635 எங்கே ஒளிந்திருக்கிறது?

ஈரச்சாலை:
இங்கிலாந்தில் வின்செஸ்டர் பேராலயத்துக்குப் போயிருந்தேன். நடுக்கோபுரத்தின் கீழுள்ள மர விதானத்தில் ஒரு லத்தீன் வரி: 'சின்ட் டோமுஸ் ஹுயுஸ் பீஈ ரெகேஸ் நுட்ரிடீஈ, ரெகினே நுட்ரிகேஸ் பீஏ' (Sint domus hujus pii reges nutritii, reginae nutrices piae). விதானம் போட்ட வருஷம் 1635, அது இந்த வரிக்குள்ளேயே இருக்கிறது என்றார் கூட வந்தவர். ரோமன் எண்ணில் 1635 எழுத மூன்று எக்ஸ் வேண்டும். இதில் ஒன்றுகூட இல்லையே?

செம்பருந்து:
வரிசையாகத் தேடாதீர்கள், கூட்டுங்கள். இதற்குக் குரோனோகிராம் என்று பெயர். எண் மதிப்புள்ள எழுத்து எங்கே வந்தாலும் கணக்கில் சேரும். யு-வை வி என்றும் ஜே-யை ஐ என்றும் கொள்ள வேண்டும்.

'டோமுஸ்' என்ற ஒரே சொல்லில் எம் 1000, டி 500, யு 5. ஆக 1505. 'நுட்ரிகேஸ்'-இல் ஒரு சி, அது 100. 'ரெகேஸ்'-இல் ஒன்றுமே இல்லை. மொத்த வரியிலும் வி ஐந்து, ஐ பத்து, 25+10. கூட்டினால் 1635.

இதில் என்னை அசத்துவது எம். ஒரு எம் கூடிப்போனால் வருஷம் 2000-ஐத் தாண்டிவிடும். லத்தீனிலோ செயப்படுபொருள் வந்தாலே பாதிச் சொற்கள் எம்மில் முடியும். எழுதியவர் அந்தப் பக்கமே போகாமல் வாக்கியத்தை முடித்திருக்கிறார், பாருங்கள்!

மூலம் பைபிளில் ஏசாயா 49:23. அரசர்கள் வளர்ப்புத் தந்தையராம், அரசிகள் கைத்தாய்களாம். அப்போது ஆட்சியில் இருந்தவர் முதலாம் சார்லஸ், எனவே பொருத்தமான வசனம்தான். ஆனால் பக்தியுள்ள என்று பொருள்படும் 'பீஈ', 'பீஏ' இரண்டும் அந்த வசனத்தில் கிடையாது. அவற்றை எடுத்துவிட்டால் மூன்று ஐ குறைந்து 1632 ஆகிவிடும். பக்தி கணக்குக்காக வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம்மாடி:
நாராயணீயம் என்ற சம்ஸ்கிருத பக்தி நூலின் கடைசிச் சொற்களான 'ஆயுராரோக்ய சௌக்யம்' நினைவுக்கு வருகிறது. எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் திருப்பிப் படித்தால் 1712210, அந்த நூலை முடித்த கலி நாள், அதாவது கலியுகம் தொடங்கியதிலிருந்து எண்ணிய நாள். கி.பி. 1586. அங்கே எழுத்துக்கு இடமதிப்பு உண்டு, இங்கே வெறும் கூட்டல்.

ஈரச்சாலை:
பென்சிலோடு உட்கார்ந்து கூட்டினேன், சரியாக வருகிறது. எல்லா ஊரிலும் இதே விதிதானா?

செம்பருந்து:
பெரும்பாலும். ஜெர்மனி, ஆஸ்திரியா, பெல்ஜியம் பக்கம் 17, 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களில் இது நிறைய உண்டு. பல இடங்களில் கணக்கில் சேரும் எழுத்துகளை மட்டும் பெரிதாக்கியோ பொன் பூசியோ வைத்திருப்பார்கள். சொல்லின் நடுவில் திடீரென்று ஒரு பெரிய எழுத்து நின்றால் சந்தேகப்படுங்கள். பெல்ஜியம், நெதர்லாந்தில் சிலர் ஒய்-யை இரண்டு ஐ என்று எண்ணுவார்கள், டபிள்யூ-வை இரண்டு வி என்று. கூட்டல் ஒன்றிரண்டு உதைத்தால் முதலில் அங்கே பாருங்கள்.