மாணவர் எழுதிய கோட் 12 வாரத்துக்கு மேல் நிற்காதாம்!

முகிலன்:
போன வாரம் வேறொரு இழையில் 'பழைய நிர்வாகி' எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் சொன்னது இது: "மென்டர் வைத்து நடத்தும் மாணவர் திட்டங்களால் ஓப்பன் சோர்ஸ் ஆட்டோமேஷன் கருவிகளுக்கு ஒரு பயனும் இல்லை. 12 வாரம் முடிந்ததும் மாணவர் உதவித்தொகையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் எழுதிய எதுவும் புரொடக்‌ஷனில் நிற்காது."

எதுவுமா? நிஜப் பயன்பாட்டில் ஒன்றுகூட இல்லையா? ஜென்கின்ஸ் இருக்கிறதே, கோட் எழுதியதும் அதைத் தானாகத் தொகுத்து (பில்ட் செய்து) சோதிக்கும் கருவி, அதன் அதிகாரப்பூர்வ டாக்கர் இமேஜை (இயக்கத் தயாராகக் கிடைக்கும் பொதியை) எடுத்துப் பாருங்கள். ப்ளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) நிறுவ அதில் என்ன கட்டளை இருக்கிறது? ஜென்கின்ஸ்-ப்ளக்இன்-சிஎல்ஐ. ஓப்பன் சோர்ஸில் வேலை செய்ய உதவித்தொகை கொடுத்து கூகுள் நடத்தும் சம்மர் ஆஃப் கோடில், 2019-இல் ஒரு மாணவர் திட்டமாகத் தொடங்கியது அது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது ஒரு பாஷ் ஸ்கிரிப்ட், கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு. ஒரு ப்ளக்இன்னை இறக்கும், கோப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் மேனிஃபெஸ்ட்டை (விவரப் பட்டியலை) படிக்கும், அதில் சொல்லியிருக்கும் சார்புகளை (அது இயங்கத் தேவையான மற்ற ப்ளக்இன்களை) இறக்கும், அவற்றையும் பிரிக்கும். இரண்டு ப்ளக்இன்கள் ஒரே சார்பின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டால் என்ன பாடு என்று அதோடு மாரடித்தவர்களுக்குத் தெரியும். அந்த ஸ்கிரிப்டை இமேஜிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மாணவர் திட்டம் அங்கே நிற்கிறது.

பழைய நிர்வாகி:
என் பெயரைப் போட்டுத் தனி இழையே திறந்தாகிவிட்டது. சரி. தம்பி, 2019-இல் அது மாணவர் திட்டமாகத் தொடங்கவில்லை என்று யார் சொன்னது? நான் கேட்பது ஒன்றே ஒன்று. இன்று அதற்கு ரிலீஸ் போடுவது, அதாவது புதுப் பதிப்பை வெளியிடுவது யார்? பக் ரிப்போர்ட் வந்தால் பதில் எழுதுவது யார்? கருவியைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்கள். அவர்கள் சுமப்பதால் நிற்கிறது. பெருமை மட்டும் மாணவர் திட்டத்துக்கா?

முகிலன்:
நீங்கள் எழுதியது "புரொடக்‌ஷனில் நிற்காது" என்று. ரிலீஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டாக்கர் இமேஜில் இருக்கிறதா, இல்லையா?

பழைய நிர்வாகி:
ரிலீஸ் போடுவது யார்?

கயல்விழி:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். "நிற்கிறது" என்றால் என்ன? கோட் பயன்பாட்டில் இருப்பதா, எழுதியவரே கூட இருப்பதா? அதைத் தீர்மானிக்காமல் விடிய விடியப் பேசினாலும் இது முடியாது.

முகிலன்:
கயல், அவர் எழுதியதில் குழப்பமே இல்லை, "எதுவும்" என்றுதான் எழுதினார். அப்படியென்றால் எனக்கு ஒரு உதாரணம் போதும். இருந்தாலும் தருகிறேன்.

2020-இல் ஜென்கின்ஸின் கிட் ப்ளக்இன்னின் வேகத்தைக் கூட்ட ஒரு மாணவர் திட்டம் நடந்தது. கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவிதான் கிட். ஜாவாவில் எழுதிய ஜேகிட், வழக்கமான கமாண்ட் லைன் கிட் என்று அந்த ப்ளக்இன்னில் இரண்டு வழிகள் உண்டு. எது எப்போது வேகம் என்று ஊகத்தில் பேசிக்கொண்டிருந்ததை அந்தத் திட்டத்தில் பெஞ்ச்மார்க் எழுதி அளந்தார்கள். ரெப்போ (கோட் வைத்திருக்கும் களஞ்சியம்) சிறியதாக இருந்தால் ஜேகிட் முந்துகிறது, பெரியதானால் கமாண்ட் லைன் கிட் முந்துகிறது. அந்த அளவீட்டை வைத்து, ரெப்போவின் அளவைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. இன்னொன்று, ரெப்போவிலிருந்து கோட் புதிதாக எடுக்கும்போது (செக்அவுட்) ஒருமுறை ஃபெட்ச் செய்த, அதாவது இறக்கிய பிறகு தேவையில்லாமல் இன்னொரு ஃபெட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார்கள். உலகம் முழுக்க எத்தனை பில்டில் அந்த இரண்டாவது ஃபெட்ச் ஓடியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அதே 2020-இல் செக்ஸ் ஏபிஐ ப்ளக்இன். கோட் களஞ்சியத் தளமான கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) பக்கத்திலேயே பில்ட் முடிவைக் காட்டுகிறதே, அதுதான். டெஸ்ட் முடிவுகளைக் காட்டும் ஜேயூனிட் ப்ளக்இன்னே அதைப் பயன்படுத்துகிறது. இதெல்லாம் மக்கிப் போன கோடா?

பழைய நிர்வாகி:
நீளமாக எழுதினால் பதில் ஆகிவிடாது. ஜென்கின்ஸில் இரண்டாயிரத்தை ஒட்டி ப்ளக்இன்கள் இருக்கின்றன. அதில் எத்தனை "தத்தெடுக்க ஆள் தேவை" என்று குறியிட்டுக் கிடக்கின்றன, பார்த்தீர்களா? மூன்று நல்ல பெயரைச் சொல்லிவிட்டு மிச்சத்தைப் பாய்க்கு அடியில் தள்ளுகிறீர்கள். அந்த மூன்றுக்கும் கேள்வி அதேதான். இன்று ரிலீஸ் போடுவது யார்?

முகிலன்:
தத்தெடுக்கக் காத்திருக்கும் ப்ளக்இன்களை எழுதியவர்கள் எல்லாரும் மாணவர்களா? பெரும் சம்பளத்தில் இருந்தவர்கள் எழுதி, வேலை மாறியதும் விட்டுப் போனவை அதில் இல்லையா? கைவிடுவது மாணவருக்கு மட்டுமே உள்ள நோய் என்பது போல எழுதாதீர்கள். டாக்கர் இமேஜில் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

செந்தூரன்:
இடையில் ஒரு விஷயம். 'மாணவர்' 'மாணவர்' என்று இரண்டு பேரும் எழுதுகிறீர்கள். 2022-இலிருந்து சம்மர் ஆஃப் கோட் மாணவர்களுக்கு மட்டுமான திட்டம் இல்லை. 18 வயது நிரம்பி, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவராக இருந்தால் யாரும் விண்ணப்பிக்கலாம். 12 வாரமும் எல்லாருக்கும் கட்டாயம் இல்லை. மென்டர் சம்மதித்தால் 22 வாரம் வரை நீட்டலாம். வேலை நேரமும் 90, 175, 350 மணி என்று மூன்று அளவில் இருக்கிறது.

பழைய நிர்வாகி:
22 வாரம் ஆனால் மட்டும்? 23-ஆவது வாரம் ரிலீஸ் போடுவது யார்?

அப்புறம் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பக் காலத்தில் மெயின்டெய்னருக்கு என்ன நடக்கிறது என்று யாராவது யோசிக்கிறீர்களா? "இதை எனக்கு ஒதுக்குங்கள்" என்று ஒரே இஷ்யூவின் (பதிவான ஒரு பிரச்சினையின்) கீழே வரிசையாகக் கமென்ட். கருவியை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காதவர்கள். இப்போது ஏஐ எழுதிக் கொடுக்கும் புரொபோசல் வேறு, பத்தைப் படித்தால் பத்தும் ஒரே வார்ப்பு. உண்மையான பக்கைச் சரிசெய்ய வேண்டிய நேரத்தில் இதைப் படித்துக்கொண்டு உட்கார வேண்டும். அக்டோபரில் புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறவர்களுக்கு டி-ஷர்ட் கொடுத்த 2020 ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில், அந்த டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு வார்த்தையைச் சேர்த்து அனுப்பினார்களே, அதே கூட்டம்தான் இங்கேயும் வருகிறது.

கயல்விழி:
'அதே கூட்டம்' என்றீர்கள், அதனால் சொல்கிறேன். அந்த அக்டோபரில் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ரெப்போவுக்கு நான் ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். பதிப்பு எண்களை எழுத்துச் சரமாக ஒப்பிட்டதால் 1.10 என்பது 1.9-ஐ விடப் பழையது என்று உங்கள் கருவி எடுத்துக்கொண்டது. டெஸ்ட் எழுதி, அது தோற்பதைக் காட்டி, திருத்தத்தையும் சேர்த்து அனுப்பினேன். ஸ்பாம் என்று லேபிள் ஒட்டி மூடினீர்கள். ஒரு வரி விளக்கம்கூட இல்லை. அதன் பிறகு அந்தப் பக்கமே நான் போகவில்லை. புதியவர்கள் நிலைப்பதில்லை என்று இன்று நீங்களே குறை சொல்கிறீர்கள்.

பழைய நிர்வாகி:
அம்மா, அந்த மாதம் வந்த குப்பையில் உங்களுடையதை மட்டும் தனியாக எடுத்து நுகர்ந்து பார்க்க முடியுமா? சம்மதித்த ரெப்போக்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று நடத்துகிறவர்களே நடுவில் விதியை மாற்ற வேண்டி வந்தது. என்ன நடந்தது என்று அதிலேயே தெரியவில்லையா?

கயல்விழி:
நான் டி-ஷர்ட்டுக்குப் பதிவே செய்யவில்லை. திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த பக் இப்போதாவது சரியாகிவிட்டதா?

முகிலன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மென்டர் என்று ஒருவர் உட்கார்ந்து பார்ப்பதற்கும், லேபிள் ஒட்டி மூடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கயல் அன்று எழுதிய அந்த டெஸ்ட்டை ஒரு மென்டர் பார்த்திருந்தால், "2.0-க்கும் 2.0-பீட்டாவுக்கும் என்ன செய்யப் போகிறாய்?" என்று அடுத்த கேள்வி கேட்டிருப்பார். ஆள் உருவாவது அங்கேதான். சம்மர் ஆஃப் கோடில் தொடக்கத்தில் குழுவோடு பழகிக்கொள்ளும் கம்யூனிட்டி பாண்டிங் காலம், நடுவில் ஒரு மதிப்பீடு, கடைசியில் ஒரு மதிப்பீடு. தேறவில்லை என்றால் பணமும் இல்லை. இத்தனை சல்லடை ஒரு சாதாரண புல் ரிக்வெஸ்ட்டுக்கு உண்டா? இதே போன்ற இன்னொரு உதவித்தொகைத் திட்டமான அவுட்ரீச்சியில் தேர்வாவதற்கு முன்பே கோடோ ஆவணமோ பங்களித்துக் காட்டியாக வேண்டும்.

செந்தூரன்:
பணம் என்றதும் நினைவு வருகிறது. உதவித்தொகை நாட்டுக்கு நாடு மாறுகிறது, வாங்கும் திறனைப் பார்த்துக் கணக்கிடுகிறார்கள். ஒரே அளவு வேலைக்கு இரண்டு தொகை. இது நியாயமா என்று யாரும் பேசுவதே இல்லை.

முகிலன்:
செந்தூரன், அதற்குத் தனி இழை திறங்கள், வந்து பேசுகிறேன். இங்கே கேள்வி வேறு.

செந்தூரன்:
நீங்கள் இரண்டு பேர் மட்டும் பேசத்தான் இந்த இழை என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

பழைய நிர்வாகி:
மென்டர் உட்கார்ந்து பார்ப்பார் என்கிறார் முகிலன். அந்த மென்டர் யார்? அதே மெயின்டெய்னர். தன் மாலை நேரத்தை எடுத்துக் கொடுப்பவர். நான் கொடுத்திருக்கிறேன். என் கையால் எழுதினால் ஒரு வாரத்தில் முடிகிற வேலையை, ஒரு கோடைக்காலம் முழுக்க ரிவியூ செய்தேன். கடைசி மதிப்பீடு முடிந்தது, ஆளைக் காணோம். அனுப்பிய மடலுக்கும் பதில் இல்லை. அவர் விட்டுப்போன கோட் முழுவதையும் இன்றும் நான்தான் சுமக்கிறேன். என்னிடம் வந்து டாக்கர் இமேஜ் கதை சொல்லாதீர்கள்.

முகிலன்:
உங்களுக்கு ஒரு மாணவர் அப்படி அமைந்தார் என்பதற்காக எல்லார் வேலையும் குப்பை ஆகிவிடுமா? கோபம் அவர் மேல் என்றால் அவரைச் சொல்லுங்கள். 2024-இல் ப்ளக்இன் மாடர்னைசர் கருவிக்கு ஒரு திட்டம் போட்டார்கள். பழைய ப்ளக்இன்களின் பில்ட் கோப்பை ஓப்பன்ரீரைட் (கோட் மாற்றி எழுதும் கருவி) கொண்டு தானாகப் புதுப்பித்து, புல் ரிக்வெஸ்ட்டும் அனுப்புகிற கருவி. நீங்கள் புலம்புகிறீர்களே, ஆளில்லாத ப்ளக்இன்கள் என்று, அவற்றின் சுமையைக் குறைக்கத்தான் அது. அதிலும் கை வைத்தது மாணவர் திட்டம்தான். இன்னும் என்ன வேண்டும்? டாக்கர் இமேஜில் இருக்கிறதா, இல்லையா?

பழைய நிர்வாகி:
அந்தக் கருவி அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டை மெர்ஜ் செய்து ரிலீஸ் போடுவது யார்?

கயல்விழி:
1.10 பக் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை.

முகிலன்:
அவர் எதற்கும் பதில் சொல்ல மாட்டார், கயல். நான் இங்கேயேதான் இருக்கிறேன். "எதுவும் நிற்காது" என்று எழுதிய வரியை அவர் திருத்தும் வரை இந்தக் கேள்வியை விடப்போவதில்லை.

பழைய நிர்வாகி:
திருத்த மாட்டேன். நீங்கள் முதலில் யார் என்று சொல்லுங்கள், தம்பி.