உபுண்டு 22.04 – 24.04 அப்கிரேட் பாதியில் நின்று கெர்னல் பேனிக், லக்ஸ் டிஸ்க்

பாதிவழி:
22.04-லிருந்து 24.04-க்கு ஏற்றும்போது "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று நின்றுவிட்டது. ரீபூட் செய்தால் கெர்னல் பேனிக் (சிஸ்டத்தின் மையமான கெர்னல் தொடர முடியாமல் நின்றுவிடுகிறது): "அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)". டிஸ்க் முழுக்க லக்ஸ் (என்கிரிப்ஷன் பூட்டு), உள்ளே எல்விஎம் (டிஸ்கைப் பகுதிகளாகப் பிரித்துத் தரும் அடுக்கு). /பூட் (கெர்னல் ஃபைல்கள் இருக்கும் இடம்) தனிப் பார்ட்டிஷன், 704 எம்பி. என்விடியா கார்டு. /ஹோம் தனியாக இல்லை. புதிதாக இன்ஸ்டால் செய்வது தவிர வழி உண்டா?

கருந்திரை:
உண்டு. நிரம்பியது /பூட் மட்டும்தான், உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்கும். புதிய கெர்னல் வந்து உட்கார்ந்துவிட்டது, அதற்குரிய இனிட்ஆர்டி (பூட் தொடக்கத்தில் டிஸ்கைத் திறந்து தரும் ஃபைல்) எழுத இடமில்லை. இனிட்ஆர்டி இல்லாமல் லக்ஸைத் திறக்க ஆளில்லை, அதனால்தான் (0,0).

முதலில் பழைய கெர்னலில் ஏறப் பாருங்கள். யூஇஎஃப்ஐ மெஷினில் லோகோ வந்ததும் எஸ்கேப்பை ஒரே ஒரு முறை தட்டுங்கள். படபடவென்று தட்டினால் 'கிரப்>' என்ற, பூட் மெனுவைக் காட்டும் கிரப் நிரலின் வெற்றுத் திரையில் போய் நிற்கும். அப்படி நின்றால் 'நார்மல்' என்று அடித்து என்டர், உடனே மறுபடி எஸ்கேப். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 6.8 கெர்னல் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

பாதிவழி:
6.8-இல் பாஸ்வேர்டு கேட்கிறது, பிறகு கறுப்புத் திரை. கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தினால் லாகின் வருகிறது. பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடிக்க 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' கொடுத்தால் மறுபடி அதே இடப் பற்றாக்குறை.

டக்ஸ்பிரியன்:
/வார்/லிப்/டிபிகேஜி/லாக் ஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

கருந்திரை:
அழிக்க வேண்டாம். பூட்டு அந்த ஃபைலில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் புராசஸில் இருக்கிறது. ரீபூட்டோடு அது போய்விட்டது. இங்கே கோளாறு இடம்தான்.

'டிஎஃப் -எச் /பூட்' பாருங்கள். அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் பழையதை வைத்துக்கொண்டே '.நியூ' என்ற பெயரில் புதியதை எழுதி, முடிந்த பிறகுதான் பெயர் மாற்றும். ஆகவே ஒரு முழு இனிட்ஆர்டிக்கு இடம் காலியாக வேண்டும். என்விடியா இருந்தால் அது 100 எம்பியைத் தாண்டும். பாதியில் நின்ற '.நியூ' ஃபைல் கிடந்தால் அழியுங்கள். 'யூநேம் -ஆர்' காட்டும் கெர்னலைத் தொடாமல், அதைவிடப் பழையதன் இனிட்ஆர்டியை /ரூட்-க்கு நகர்த்துங்கள். இந்த நிலையில் கெர்னலை நீக்கும் ஏபிடி பர்ஜ் முரண்டு பிடிக்கும், அதனால்தான் கையால் நகர்த்தச் சொல்கிறேன்.

பிறகு சுடோவுடன் வரிசையாக: டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ, ஏபிடி -எஃப் இன்ஸ்டால், ஏபிடி ஃபுல்-அப்கிரேட், ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ், அப்டேட்-கிரப். 'உபுண்டு-டெஸ்க்டாப்' பேக்கேஜ் வழியில் கழன்றிருக்கக்கூடும், அதையும் இன்ஸ்டால் செய்துவிடுங்கள். வெளி ரெப்போக்களை அப்கிரேடர் முடக்கியிருக்கும்; எல்லாம் சரியான பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தால் போதும். என்ன எங்கே உடைந்தது என்பது /வார்/லாக்/டிஸ்ட்-அப்கிரேட் ஃபோல்டரில் ஏபிடி-டெர்ம்.லாக்கில் இருக்கும்.

வேர்முனை:
இதே சிக்கலோடு வருகிறவர்களுக்குப் பழைய கெர்னலும் ஏறாவிட்டால் லைவ் யூஎஸ்பி (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் உபுண்டு). லக்ஸ் உள்ள டிஸ்கில் பலரும் சறுக்குவது பெயரில். லக்ஸைத் திறக்க கிரிப்ட்செட்டப் ஓப்பன் கொடுக்கும்போது, /எட்சி/கிரிப்ட்டாப் ஃபைலின் முதல் பத்தியில் உள்ள பெயரையே கொடுக்க வேண்டும். டெஸ்க்டாப் இன்ஸ்டாலரில் அது பெரும்பாலும் 'என்விஎம்இ0என்1பி3_கிரிப்ட்' போல இருக்கும். வாய்க்கு வந்த பெயரில் திறந்தால் எல்லாம் சரியாக நடந்த மாதிரியே தெரியும். ஆனால் உருவாகும் இனிட்ஆர்டியில் திறக்கும் வேலை சேராது, ரீபூட்டில் '(இனிட்ராம்எஃப்எஸ்)' என்று நிற்கும். பெயர் தெரியாவிட்டால் ஒருமுறை எதையாவது கொடுத்துத் திறந்து, ஃபைலைப் பார்த்து, மூடி, சரியான பெயரில் திறங்கள்.

பிறகு எல்விஎம்மை இயக்க விஜிசேஞ்ச் -ஏஒய். ரூட்டை /எம்என்டி-யில், /பூட், /பூட்/இஎஃப்ஐ இரண்டையும் அதனுள் மவுண்ட் செய்யுங்கள். /பூட்டை மறந்தால் புதிய இனிட்ஆர்டி வெறும் ஃபோல்டரில் போய் விழும், கிரப்புக்கு அது கண்ணில் படாது. டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் பைண்ட் செய்து சிஎச்ரூட் (டிஸ்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைவது). ரன்-ஐ விட்டால் டிஎன்எஸ் வேலை செய்யாது, ஏபிடி இறக்காது. உள்ளே போனதும் கருந்திரை சொன்ன வரிசைதான், கூடவே அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே ஆல். சிஎச்ரூட்டுக்குள் யூநேம் லைவ் யூஎஸ்பியின் கெர்னலைக் காட்டும், அதை நம்பி எதையும் நீக்காதீர்கள்.

பாதிவழி:
.நியூ அழித்து, ஒரு பழைய இனிட்ஆர்டியை நகர்த்தினேன். கன்ஃபிகர் முடிந்தது, 24.04 ஏறிவிட்டது. /பூட் இன்னும் 81%.

கருந்திரை:
/எட்சி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் ஃபைலில் கம்ப்ரெஸ்=எக்ஸ்இசட் என்று மாற்றி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல். உருவாக்க நேரம் கூடும், அளவு குறையும். இந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் சேர்க்கும் மாட்யூல்ஸ்=டெப் இன்னும் சுருக்கும், ஆனால் அந்த டிஸ்கை வேறு மெஷினில் மாட்டினால் ஏறாமல் போகலாம். /ரூட்-இல் நகர்த்திவைத்த ஃபைலை, அந்தக் கெர்னல் நீங்கிவிட்டதா என்று 'டிபிகேஜி -எல்' பார்த்துவிட்டு அழியுங்கள்.