புல் தரையில் கொத்தாமல் பூப்பாத்தி போட முடியுமா?

கேள்வி: 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம். முழுக்கப் புல். ரசாயனம் வேண்டாம், கொத்தவும் நேரமில்லை. எப்படித் தொடங்குவது?

பதில் 1: புல்லை ஒட்ட வெட்டி நனையுங்கள். டேப் உரித்த அட்டைப்பெட்டிகளை 15 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, மறுபடி நனைத்து, 10 செ.மீ. கம்போஸ்ட் பரப்புங்கள், 200 லிட்டர் பிடிக்கும். கம்போஸ்ட் உதிரியாக, மண்வாசனையோடு இருக்கணும். அரைகுறையாக மக்கியது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளாகிவிடும்.

பதில் 2: கோரை இருந்தால் முதலில் கிழங்கோடு தோண்டி எடுங்கள். அதன் கூர்முனை அட்டையையே துளைத்து வரும்.

பதில் 3: செண்டுமல்லி, ஜினியா, காஸ்மாஸ் போதும். அரை செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் காய்ந்த இலை மூடாக்கு, தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி. ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும்.