சிங்கப்பூரிலிருந்து வரும் அக்கா மகனுக்கு டரான்டுலா வேண்டுமாம்: சட்டப்படி இங்கே என்ன வளர்க்கலாம்?

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்):
எல்லோருக்கும் வணக்கம். அக்கா குடும்பம் சிங்கப்பூரில் இருக்கிறது. மருமகனுக்கு 12 வயது. பூச்சி, சிலந்தி என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அங்கே டரான்டுலா (உடம்பெல்லாம் முடி உள்ள பெரிய சிலந்தி), தேள் எல்லாம் வளர்க்கத் தடை. பள்ளி விடுமுறைக்கு நவம்பர் கடைசியில் இங்கே வருகிறான், ஒரு மாதம் எங்கள் வீட்டில்தான். "மாமா, இந்தியாவில் தடை இல்லையாம், ஒன்று வாங்கி வையுங்கள்" என்று தினமும் போன்.

இன்ஸ்டாகிராமில் ஒருவர் மெக்சிகோ சிவப்பு முட்டி டரான்டுலா குட்டி 4,500 ரூபாய் என்கிறார். மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து கூரியரில் அனுப்புவாராம். பில் கிடையாது. "பூச்சிக்கெல்லாம் சட்டம் இல்லை சார்" என்று அடித்துச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இது சட்டப்படி சரியா? இல்லை என்றால் அவன் ஆசைக்கு இங்கே வேறு என்ன வளர்க்கலாம்? திரும்பிப் போகும்போது எதையாவது கொண்டுபோக முடியுமா? வீட்டில் தோட்டம் இருக்கிறது, கொல்லையில் பழைய எருக்குழி இருக்கிறது.

எட்டுக்கால் (திருச்சி):
மனசு ஒப்பாதது சரிதான். வாங்காதீர்கள்.

அவர் விற்பது பிராக்கிபெல்மா இனம். மெக்சிகோ காடுகளில் அளவுக்கு மீறிப் பிடித்து விற்றதால், காட்டுயிர்களை நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. அதன் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் திருத்தத்தில் சைட்டிஸ் பட்டியல் உயிர்கள் நான்காம் அட்டவணையாக உள்ளே வந்துவிட்டன. அதில் இருக்கும் உயிரை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் தனி விதிகளே வந்தன. கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். பில்லே தராதவர் உங்களுக்கு எந்தத் தாளைத் தரப்போகிறார்?

கூரியர் டப்பா கதையும் புதிதல்ல. 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த ஒரு பார்சலைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பிரித்தது. வெள்ளித் தாளும் பஞ்சும் சுற்றிய சின்னச் சின்னக் குப்பிகள், உள்ளே 107 உயிருள்ள சிலந்திகள். அதில் பிராக்கிபெல்மாவும் இருந்தது. இறக்குமதி உரிமமோ உடல்நலச் சான்றோ இல்லாததால் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப முடிவானது. கையகல குப்பிக்குள் கண்டம் கடந்து போய், அதே குப்பிக்குள் திரும்பவும் பயணம். அந்த உயிர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

கோரையாறு:
வெளிநாட்டு இனம்தானே பிரச்சினை? ராமேஸ்வரத்தில் மரத்திலேயே டரான்டுலா இருக்கிறதாமே. நம்ம ஊர்ச் சரக்கு, அதைப் பிடித்து வளர்த்தால்?

எட்டுக்கால் (திருச்சி):
தயவுசெய்து வேண்டாம். நீங்கள் சொல்வது பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா. 2004-இல்தான் அறிவியல் உலகம் அதற்குப் பெயரே வைத்தது. அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். பொசிலோதீரியா இனம் முழுவதும் 2019-இல் சைட்டிஸ் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நம்ம ஊர்ச் சரக்கு என்பதால்தான் நாம் அதைத் தொடக்கூடாது. இன்னொன்று, இந்த இனம் கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் இருக்கும். 12 வயதுப் பிள்ளை கையில் கொடுக்கும் பொருளா அது?

மன்னார்குடி – சிங்கை:
சிங்கப்பூர் பக்கத்தை நான் சொல்கிறேன், இங்கே குடும்பத்தோடு இருப்பவன். இங்கே எதெல்லாம் வளர்க்கலாம் என்று தேசியப் பூங்காக் கழகம் பட்டியல் போட்டிருக்கிறது. நாய், பூனை, முயல், வெள்ளெலி என்று போகும் அந்தப் பட்டியலில் முதுகெலும்பில்லாத தரைவாழ் உயிர் ஒன்றே ஒன்றுதான்: சங்குக்குள் குடியிருக்கும் தரைத் துறவி நண்டு. அங்கிருந்து ஒரு மரவட்டையைக்கூடப் பையில் போட்டு அனுப்பாதீர்கள். அனுமதி இல்லாமல் எந்த உயிரைக் கொண்டுவந்தாலும் குற்றம், மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் உங்கள் அக்காவும் மாமாவும்.

அந்த நண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பொம்மை மாதிரி வண்ணம் அடித்த சங்கோடு விற்பார்கள், அதை வாங்க வேண்டாம். அதற்கு உடல் மூழ்கும் ஆழத்துக்கு ஈரமணல் வேண்டும், தோல் உரிக்க உள்ளே புதைந்துகொள்ளும். நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், உப்புத் தண்ணீர் ஒரு கிண்ணம், மாறிக்கொள்ளச் சில வெறும் சங்குகள். பல ஆண்டுகள் வாழும். கடைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் கடற்கரையில் பிடித்தவைதான், அதையும் பையனிடம் சொல்லிவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு (ஒரத்தநாடு):
அண்ணே, கொல்லையில் எருக்குழி இருக்கிறது என்று எழுதிவிட்டு டரான்டுலா தேடுகிறீர்களே! ஜப்பானில் பிள்ளைகள் கொம்பு வண்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கி வளர்க்கிறார்கள். அதற்குச் சொந்தக்கார வண்டு உங்கள் குழிக்குள் இருக்கிறது.

காண்டாமிருக வண்டைத்தான் சொல்கிறேன். தென்னை வைத்திருக்கும் எங்களுக்கு அது எதிரி. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப்போட்ட மரங்கள் மட்கிக் கிடந்தபோது, அந்தத் தண்டுகள்தான் இதற்குப் பிரசவ அறை. ஆனால் வளர்த்துப் பார்க்க இதைவிட நல்ல பூச்சி நம் பக்கம் இல்லை.

குழியை ஒரு முழம் கிளறினால் புழு கிடைக்கும். கட்டைவிரலைவிடத் தடிமன், பால் வெள்ளை, பழுப்புத் தலை, அரைவட்டமாக வளைந்து கிடக்கும். தோலுக்கு அடியில் தின்ற எரு கருநீலமாகத் தெரியும். பக்கவாட்டில் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக இருப்பது மூச்சுத் துளைகள். பையன் கையில் பூதக்கண்ணாடி கொடுங்கள், அரை நாள் ஓடிவிடும்.

20 லிட்டர் பெயிண்ட் வாளியைச் சுத்தமாகக் கழுவிக்கொள்ளுங்கள். முக்கால்வாசிக்கு அந்தக் குழியின் எருவையே போடுங்கள், மட்கிய தென்னந்தண்டு கிடைத்தால் உதிர்த்துக் கலக்கலாம். பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. நாலைந்து புழு போதும். நிழலில் வையுங்கள், தினமும் தோண்டிப் பார்க்க விடாதீர்கள். பெரிய புழுவாக எடுத்தால் கூட்டுப்புழு ஆவதற்கு ரொம்ப நாள் ஆகாது. எருவுக்குள் தானே ஓர் அறை கட்டிக்கொள்ளும். அதை மட்டும் உடைத்துவிடக்கூடாது. வண்டு வெளியே வந்தால் கொம்பு நீளமாக இருப்பது பெரும்பாலும் ஆண். அடிவயிற்று நுனியில் செம்பட்டை முடி இருந்தால் பெண். பழுத்த வாழைப்பழம் வைத்தால் சாப்பிடும்.

ஒரே ஒரு கண்டிப்பு. மூடியில் கொசுவலை போதாது, கடித்துவிடும். இரும்பு வலை அடியுங்கள். ஒரு வண்டைக்கூட வெளியே விடக்கூடாது. இரவில் பறந்துபோய் அடுத்தவர் தென்னங்குருத்தைத் துளைக்கும், விரிந்த மட்டை கத்தரியால் வெட்டியது போல நிற்கும். பையன் ஊருக்குப் போன பிறகு மிச்சத்தை என்ன செய்வது என்று இப்போதே அவனிடம் பேசிவிடுங்கள். நாங்கள் கொன்றுவிடுவோம். உங்களுக்கு மனசு வராது என்றால் சாகும்வரை வாளியிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாத்தியாரம்மா (கும்பகோணம்):
பொன்வண்டை யாரும் சொல்லவில்லையே! தீப்பெட்டியில் வைத்துக் கொடுக்காப்புளி இலையும் வேலந்தழையும் போட்டு வளர்க்காத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. ஆனால் தீப்பெட்டி வேண்டாம். காற்றோட்டமான வலைப் பெட்டி, உள்ளே தண்ணீர்ப் புட்டியில் செருகிய கிளை, இரண்டு நாள் பார்த்துவிட்டு எடுத்த மரத்திலேயே விட்டுவிட வேண்டும். அதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்வது. வெளியே வந்த வண்டுக்கு ஆயுள் சில வாரம்தான். அதில் பாதியை நாம் பெட்டியில் கழிக்க வைக்கக் கூடாது.

அந்த மாதத்தில் மரவட்டைக்குப் பஞ்சமே இருக்காது. அதை வளர்க்கத் தேங்காய் நார்த்தூள், மட்கிய இலை, முட்டை ஓட்டுத்தூள், வெள்ளரித் தோல் போதும். மருந்தடித்த காய் வேண்டாம். சுருண்டால் மஞ்சளாக ஒரு நீர் விடும், கையில் கறை பிடிக்கும், கண்ணில் பட்டால் எரியும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒரு வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால் மரவட்டை, ஒரே ஜோடி என்றால் பூரான். இதைக் காட்டிவிட்டு அப்புறம் பையனைத் தோட்டத்தில் விடுங்கள்.

கோரையாறு:
ஆப்பிரிக்க ராட்சத நத்தை? வளர்ப்பது சுலபம் என்கிறார்கள்.

தென்னந்தோப்பு (ஒரத்தநாடு):
1847-இல் கொல்கத்தாவில் யாரோ ஆசைக்குக் கொண்டுவந்து விட்டது அது. இன்றைக்குக் கண்ட பயிரையும் தின்கிறது. மூளையைத் தாக்கும் ஒரு புழுவையும் சுமக்கும். வேண்டவே வேண்டாம். மீன் தொட்டிக் கடையில் மஞ்சளாக விற்கும் ஆப்பிள் நத்தையும் அப்படித்தான், வாய்க்காலில் விழுந்தால் நெல்நாற்றைத் தின்னும் கூட்டம். நம் வயல் நத்தை வெள்ளையாக முட்டையிடும். தண்ணீருக்கு மேலே தண்டில் ரோஜா நிறத்தில் கொத்தாக முட்டை பார்த்தால் உடனே வேளாண்மை அலுவலகத்தில் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்):
அனைவருக்கும் நன்றி. விற்பவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மருமகனிடம் புழுப் படம் அனுப்பினேன், அதற்குள் பெயர் வைத்துவிட்டான். இன்னொரு கேள்வி: அவனிடம் புற ஊதா டார்ச் இருக்கிறது. இரவில் தேள் அதில் பச்சையாக ஒளிருமாமே, காட்டலாமா?

எட்டுக்கால் (திருச்சி):
காட்டலாம், அற்புதமாக இருக்கும். பிடிக்கத்தான் கூடாது. முழங்கால்வரை பூட்ஸ், கூடவே சாதாரண டார்ச்சும் வேண்டும், ஏனென்றால் பாம்பு ஒளிராது. செங்கல் அடுக்கு, தேங்காய் மட்டைக் குவியல் பக்கம் பாருங்கள். இடுக்கி பெரிதாக, உடல் கறுப்பாக இருந்தால் கருந்தேள், கொட்டினால் வலி. சின்னதாக, இடுக்கி மெலிந்து, வால் தடித்திருந்தால் செந்தேள். அது பிள்ளைகளின் இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும். கொட்டினால் மந்திரிப்பு, சுண்ணாம்பு என்று நேரத்தைக் கழிக்காமல் நேராக அரசு மருத்துவமனை. பிரசோசின் என்ற மாத்திரை இதற்கு வேலை செய்யும் என்று மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு நிறுவியவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். செந்தேள் கடியில் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தது அவரால்.

தென்னந்தோப்பு (ஒரத்தநாடு):
உங்கள் குழியில் புழு கிடைக்காவிட்டால் எங்கள் தோப்புக்கு வாருங்கள் அண்ணே, மட்கிய தண்டு இரண்டு கிடக்கிறது. மண்வெட்டி வேண்டாம், புழு வெட்டுப்படும். கையால் கிளறலாம், தடித்த கையுறை ஒரு ஜோடி எடுத்துவாருங்கள். வாளியோடு மூடியும் வலையும் வந்தால்தான் புழு தருவேன்.