கலைஞர்கள் ரீவியில் இப்படியும் காட்டினார்களா? வன்னியில் இருந்து சில அனுபவங்கள்

மல்லாவிப் பெடியன்:

என் மாமா நெடுங்காலம் ரேடியோ, ரீவி திருத்தினவர். இப்போது வேலை குறைவு, கடைக்குப் போனால் கதைதான். ஒருநாள், 'நாம் ஜூன் பைக்' என்ற கொரியக் கலைஞர் 1965இல் செய்த காந்த ரீவியின் காணொளியை ஃபோனில் காட்டினேன். குழாய் ரீவிக்கு மேலே பெரிய லாடக் காந்தம். அதை நகர்த்த நகர்த்தத் திரையில் ஒளிக்கோடுகள் வளைந்து நெளியும்.

மாமா சிரித்தார். "உதில என்ன கிடக்கு? ஸ்பீக்கரைக் கிட்ட வைச்சாலே படம் கோணும்" என்றார். உண்மைதான். படக்குழாய்க்குள் ஓடும் எலக்ட்ரான் கற்றை காந்தத்துக்கு வளைந்து கொடுக்கும். கலர் ரீவி என்றால், காந்தத்தை எடுத்த பிறகும் மூலையில் பச்சையும் ஊதாவுமாகக் கறை நிற்கும். அதைப் போக்க மாமாவிடம் செத்த ரீவி ஒன்றிலிருந்து கழற்றிய கம்பிச்சுருள் இருந்தது. திரைக்கு முன்னால் அதை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே மெல்ல மெல்லப் பின்னுக்கு வருவார், கறை கரைந்து போகும். சின்ன வயதில் அதைப் பார்க்கவென்றே கடைக்குப் போவேன். என்னைக் கேட்டால் அதுவும் கலைதான். மாமா ஒத்துக்கொள்ள மாட்டார்.

சரி, பைக்கும் ஷூயா அபே என்ற ஜப்பானியப் பொறியியலாளரும் சேர்ந்து, படத்தைக் குழப்புவதற்கென்றே ஒரு கருவி கட்டினார்கள். 1970 ஆகஸ்ட்டில் பொஸ்டனின் பொதுத் தொலைக்காட்சியான டபிள்யூஜிபிஎச் அதை வைத்து நான்கு மணி நேரம் நேரலையாக ஒளிபரப்பியது என்று சொன்னேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆர் அந்த அபே? அவரைப் பற்றிச் சொல்லு." நியாயமான கேள்வி. எல்லாரும் பைக்கைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

1969இல் அதே நிலையம் ஆறு கலைஞர்களின் படைப்புகளைச் சேர்த்து ஒரு நிகழ்ச்சி தயாரித்தது. அதில் பைக்கின் பகுதியில் பார்ப்பவர்களுக்கு உத்தரவுகள் வரும்: கண்ணை மூடு, திற, கடைசியில் ரீவியை நிறுத்து. இதைக் கேட்டு மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கார் பற்றரியில் ரீவி ஓடின காலத்தில் எங்கள் ஊரில் யார் நிறுத்தினது? பற்றரி இறங்கிப் படம் சுருங்கித் தானாகத்தான் நிற்கும்.

ஒட்டுசுட்டான் அக்கா:

எனக்குப் பிடித்தது பில் வயோலா என்ற அமெரிக்கக் கலைஞர் 1983இல் செய்தது. அதுவும் பொஸ்டன் நிலையத்துக்குத்தான். 44 பேரை அவரவர் வீட்டில் இருத்தி, ரீவி பார்ப்பது மாதிரி கமராவைப் பேசாமல் பார்க்கச் சொல்லிப் படம் பிடித்தார். நிகழ்ச்சிகளுக்கு நடுவில், எந்த விளக்கமும் இல்லாமல், அந்த முகங்கள் அரை நிமிடம் வந்து போயின. அவர் கேட்ட நேரம் அதைவிடக் கூட, நிலையம் கொடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியே கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரத்தை நம்பித்தான் இருந்தது. 1990 சண்டையில் அது போனது, புதியது 2011இல்தான் எழும்பியது. இடையில் தென்னையில் அன்ரனா கட்டிப் புள்ளிகளுக்குள் உருவம் தேடினோம். வயோலாவின் முகங்களைப் பார்த்தபோது, ரீவி இருந்த வீட்டு முற்றம்தான் ஞாபகம் வந்தது. முன்னுக்குப் பிள்ளைகள், பின்னால் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆம்பிளைகள், படம் தெளிந்தால் ஒரு சத்தம், மங்கினால் ஒரு பேச்சு. வயோலாவின் ஆட்களோ தனித்தனியாகக் கதிரையில், அசையாமல். எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்படித் தனியாக இருந்து நாங்கள் ரீவி பார்த்ததே இல்லையே.

நெடுங்கேணி:

இரண்டு பேரும் விட்ட ஒன்று. 1969 டிசம்பர் 24இலிருந்து 31 வரை மேற்கு ஜெர்மனியில் டபிள்யூடிஆர் என்ற தொலைக்காட்சி நிலையம் ஒவ்வொரு இரவும் சில நிமிடங்கள் எரிகிற தீயை மட்டும் காட்டியது. யான் டிபெட்ஸ் என்ற நெதர்லாந்துக் கலைஞரின் வேலை. முதல் இரவில் பற்றவைத்து, நாளுக்கு நாள் வளர்த்து, கடைசியில் அணைய விட்டார். அம்மம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"அதுசரி, விறகு ஆர் போட்டது?" என்று கேட்டார்.