பெட்டி வரவில்லை, இரண்டு ஏர்லைன்ஸும் மாறி மாறிக் கை காட்டுகிறார்கள். யாரைப் பிடிப்பது?

இரவுப்பறவை:

வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள், எனக்குப் பொறுமை போய்விட்டது.

வெளிநாட்டுப் பயணம், நடுவில் ஓர் இடத்தில் விமானம் மாற வேண்டும். முதல் விமானம் ஒரு நிறுவனம், இரண்டாவது வேறு நிறுவனம். டிக்கெட் ஒன்றுதான், ஒரே பி.என்.ஆர். செக்-இன் செய்த பெட்டிக்கு நான் இறங்கும் இடம் வரைக்கும் டேக் போட்டுத்தான் அனுப்பினார்கள். முதல் விமானம் தாமதமாகக் கிளம்பியது. நான் ஓடிப்போய் அடுத்ததைப் பிடித்துவிட்டேன், பெட்டி பிடிக்கவில்லை. பெல்ட் நிற்கிற வரைக்கும் பார்த்துவிட்டு, வெளியே வருவதற்கு முன்பே அங்கிருந்த கவுன்டரில் புகார் எழுதிக் கொடுத்தேன். பி.ஐ.ஆர். என்று ஒரு தாள் தந்தார்கள், அதில் ஒரு நம்பர் இருக்கிறது.

இதெல்லாம் நடந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. இணையதளத்தில் அந்த நம்பரைப் போட்டால் "தேடுதல் தொடர்கிறது, பிறகு பார்க்கவும்" என்ற ஒரே வரி. இரண்டாவது நிறுவனத்துக்குப் போன் செய்தால், "பெட்டி எங்கள் கைக்கே வரவில்லை, முதல் நிறுவனத்திடம் கேளுங்கள்" என்கிறார்கள். முதல் நிறுவனமோ, "புகார் வாங்கியவர்கள்தான் பார்க்க வேண்டும்" என்கிறது. டிக்கெட் வாங்கிய தளம் அந்த இரண்டு பேரையும் காட்டுகிறது. சாட்டில் போனால் ஒரு பாட். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் "உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?" என்று ஆம், இல்லை என இரண்டு பொத்தான் வைக்கிறது. "இல்லை"யை அழுத்தினால் மறுபடியும் "வணக்கம், நான் எப்படி உதவட்டும்?"

இதில் கொடுமை என்னவென்றால், பெட்டிக்குள் ஏர்டேக் (பொருள் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் ஆப்பிளின் சின்னக் கருவி) போட்டிருக்கிறேன். பெட்டி நான் விமானம் மாறிய ஏர்போர்ட்டிலேயே கிடப்பதாக அது காட்டுகிறது. போனில் சொன்னால், "எங்கள் சிஸ்டத்தில் அப்படி இல்லையே" என்கிறார்கள்.

இதில் யார் பொறுப்பு? இதுவரை மாற்றுத் துணி, சார்ஜர் என்று செலவு செய்ததைக் கேட்க முடியுமா? இதற்கு ஏதாவது கெடு உண்டா?

ஜன்னல்சீட்:

ஐரோப்பாவில் 600 யூரோ வரைக்கும் நஷ்டஈடு தருகிறார்களே, அந்த விதியைச் சொல்லி ஒரு மெயில் தட்டிவிடுங்கள். சோஷியல் மீடியாவில் டேக் செய்து நாலு வார்த்தை நன்றாகக் கேளுங்கள், அப்போதுதான் அசைவார்கள்.

சட்டப்புள்ளி:

அந்த ஐரோப்பிய விதி (261/2004) விமானம் ரத்தாவது, ரொம்பத் தாமதமாவது, இடமில்லை என்று ஏற்ற மறுப்பது, இந்த மாதிரி விஷயங்களுக்கு. பெட்டிக்கு அது பொருந்தாது. தப்பான விதியைக் காட்டி எழுதினால், "உங்கள் கோரிக்கை இதன்கீழ் வராது" என்று ஒரே வரியில் ஃபைலை மூடிவிடுவார்கள். அவர்களுக்கு அது ரொம்ப வசதி.

உங்களுக்கு வேண்டியது 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை. சர்வதேசப் பயணத்தில் ஆள், பெட்டி, சரக்கு எல்லாவற்றுக்கும் விமான நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்பதை அதுதான் சொல்கிறது. பயணம் தொடங்கும் நாடும் முடியும் நாடும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலான நாடுகள் சேர்ந்திருக்கின்றன. உள்நாட்டுப் பயணம் என்றால் அந்தந்த நாட்டுச் சட்டம், அது வேறு கதை.

"யார் பொறுப்பு" என்பதற்கு நேரடி பதில் அதன் 36ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரே பயணத்தில் பல நிறுவனங்கள் வந்தால், பெட்டி விஷயத்தில் முதல் நிறுவனத்தையும் கேட்கலாம், கடைசி நிறுவனத்தையும் கேட்கலாம், எந்தக் கட்டத்தில் பெட்டி சிக்கியதோ அந்த நிறுவனத்தையும் கேட்கலாம். பயணியிடம் அவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. தப்பு யாருடையது என்ற கணக்கை அவர்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், அது உங்கள் வேலை இல்லை. ஆகவே "எங்கள் கைக்கு வரவில்லை" என்பது உங்களுக்குச் சொல்லும் பதிலே கிடையாது. நடைமுறையில், கடைசியாக உங்களை இறக்கிவிட்ட நிறுவனம்தான் ஃபைலை நடத்த வேண்டும். அவர்களுக்கு எழுதுங்கள், நகலை முதல் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்.

பழைய_ராம்ப்காரன்:

ஏர்போர்ட் பேக்கேஜ் பிரிவில் நிறைய வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். கால் சென்டரில் இருப்பவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நீங்கள் இணையதளத்தில் பார்க்கிற அதே தகவலைத்தான் அவரும் பார்க்கிறார், கூட ரெண்டு வரி இருக்கும். பெட்டியைக் கையால் தொடுகிற ஆள் வேறு இடத்தில் இருக்கிறார். உங்கள் தகவல் அந்த ஆளிடம் போய்ச் சேர்வதுதான் முக்கியம்.

கனெக்‌ஷன் நேரம் குறைவாக இருந்தால் பெட்டி பின்தங்குவது சகஜம். சும்மா பின்தங்கினால் அடுத்த விமானத்தில் 'ரஷ் டேக்' (அவசரம் என்று காட்டும் டேக்) போட்டு ஏற்றிவிடுவார்கள், ரெண்டு மூணு நாளில் வந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, ஏர்டேக்கும் அங்கேயே காட்டுகிறது என்றால், என் அனுபவத்தில் டேக் கிழிந்து போயிருக்கும். டேக் இல்லாத பெட்டி யாருடையது என்று ஸ்கேனருக்குத் தெரியாது. அதை ஓரமாக எடுத்து வைத்து 'ஆன்-ஹேண்ட்' என்று தனி ஃபைல் போடுவார்கள். உங்கள் புகார் ஒரு பக்கம், அந்த ஃபைல் ஒரு பக்கம். வேர்ல்டு டிரேசர் என்ற சிஸ்டம் இரண்டையும் ஒப்பிட்டுப் பொருத்திப் பார்க்கும். எதை வைத்து? பெட்டியின் நிறம், வகை, பிராண்டு, பெயர், உள்ளே இருக்கும் பொருள்கள்.

கருப்பு, சக்கரம் வைத்தது என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த மாதிரிப் பெட்டி ஒரு அறை நிறைய இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் காப்பாற்றும். "துணிமணி" என்று எழுதாதீர்கள். எல்லார் பெட்டியிலும் துணிதான். "மஞ்சள் நிற மழைக்கோட்டு, சதுரங்கப் பலகை, பச்சை உறையில் மூக்குக் கண்ணாடி" என்று வேறு யார் பெட்டியிலும் இருக்காததை எழுதுங்கள். டேக் இல்லாத பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், பார்த்ததைக் குறித்து வைப்பார்கள். நீங்கள் எழுதியதும் அவர்கள் குறித்ததும் ஒத்துப்போனால் அன்றைக்கே வேலை முடியும். பி.ஐ.ஆர். ஃபைலில் இந்த விவரத்தைப் பிறகும் சேர்க்கலாம். பெரும்பாலான நிறுவனங்களின் தளத்திலேயே அதற்குப் படிவம் இருக்கிறது.

அப்புறம் ஏர்டேக். 2024 கடைசியில் ஐபோனுக்கு வந்த ஐ.ஓ.எஸ். 18.2 மென்பொருள் முதல் 'ஃபைண்ட் மை' செயலியில் பொருள் இருக்கும் இடத்தை ஒரு இணைப்பாகப் பகிரலாம். சில நிறுவனங்கள் அந்த இணைப்பை நேராகப் பெட்டி ஃபைலிலேயே சேர்த்துக்கொள்கின்றன. ஏழு நாளில் அது தானாகக் காலாவதியாகிவிடும், புதிது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் நிறுவனம் ஏற்காவிட்டாலும் ஸ்கிரீன்ஷாட்டை மெயிலில் வையுங்கள், நேரம் தெரிகிற மாதிரி.

இரவுப்பறவை:

ரொம்ப நன்றி. பெட்டியின் விவரத்தில் நிஜமாகவே "நீலம், ஹார்ட் கேஸ்" என்று மட்டும்தான் கவுன்டரில் டைப் செய்திருக்கிறார்கள். உள்ளே என்ன என்று யாரும் கேட்கவே இல்லை. இப்போதே சேர்க்கிறேன். டேக்கின் துண்டு என் போர்டிங் பாஸ் பின்னால் ஒட்டியிருக்கிறது, 10 இலக்க நம்பர். பி.ஐ.ஆர். நம்பர் வேறு மாதிரி, எழுத்தும் எண்ணுமாக இருக்கிறது. எதைக் குறிப்பிட வேண்டும்?

பழைய_ராம்ப்காரன்:

இரண்டையும். 10 இலக்கம் பெட்டியுடையது. அதற்குள் மூன்று இலக்கம் டேக் போட்ட நிறுவனத்தின் குறியீடு, கடைசி ஆறும் வரிசை எண். மற்றது ஃபைலுடையது: ஏர்போர்ட்டுக்கு மூன்று எழுத்து, நிறுவனத்துக்கு இரண்டு, பிறகு ஐந்து இலக்கம். மெயிலின் தலைப்பிலேயே இரண்டையும் போடுங்கள். அனுதாபம் தேடும் முதல் பத்தியை யாரும் படிப்பதில்லை, மன்னிக்கவும், அதுதான் உண்மை.

சட்டப்புள்ளி:

கெடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலர் கோட்டைவிடுகிற இடம் இது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பி.ஐ.ஆர். என்பது "பெட்டி வரவில்லை" என்ற பதிவு. பணம் கேட்கும் கோரிக்கை அது இல்லை. தாமதத்துக்காக நஷ்டஈடு கேட்க வேண்டுமென்றால், பெட்டி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். இது 31ஆம் பிரிவு. போனில் சொன்னது இதில் எண்ணிக்கைக்கு வராது. கெடு தாண்டினால், நிறுவனம் மோசடி செய்தது என்றாலொழிய, வழக்கே போட முடியாது. "பி.ஐ.ஆர். கொடுத்தாயிற்றே" என்று உட்கார்ந்திருப்பவரிடம் நிறுவனம் எடுக்கும் முதல் ஆயுதம் இதுதான்.

பெட்டி வரவே இல்லை என்றால் கணக்கு வேறு. வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கழிந்தாலே தொலைந்ததற்கான உரிமையைக் கேட்கலாம். நிறுவனம் அதற்கு முன்பே "தொலைந்துவிட்டது" என்று ஒப்புக்கொண்டால் காத்திருக்க வேண்டியதில்லை. நீதிமன்றத்துக்குப் போக மொத்தக் கெடு இரண்டு வருஷம்.

செலவு: தாமதத்தால் தவிர்க்க முடியாமல் வாங்கிய எல்லாவற்றுக்கும் ரசீதோடு கேட்கலாம். மாற்றுத் துணி, சார்ஜர் எல்லாம் நியாயமானவை. உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., 2024 டிசம்பர் 28 முதல். அதற்கு முன் 1,288. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஐந்தையும் வைத்து அதன் மதிப்பு தினமும் வெளியாகும். இது தாமதம், சேதம், தொலைவது எல்லாவற்றுக்குமான உச்சவரம்பு. அப்படியே தூக்கிக் கொடுக்கும் தொகை என்று நினைத்துவிடாதீர்கள். எவ்வளவு நிரூபிக்கிறீர்களோ அவ்வளவுதான். சில நிறுவனங்கள் "ஒரு நாளைக்கு இவ்வளவுதான்" என்று ஒரு எண்ணைச் சொல்லும். அது அவர்களுடைய உள்விதி, உடன்படிக்கையில் அப்படி ஒன்றும் இல்லை.

ஜன்னல்சீட்:

சரி, நான் சொன்னது பெட்டிக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சோஷியல் மீடியா விஷயத்தில் நான் சொன்னது சரிதானே? எனக்கு அப்படித்தான் வேலை நடந்தது.

பழைய_ராம்ப்காரன்:

நடக்கும், சில சமயம் வேகமாகவே. ஆனால் பி.ஐ.ஆர். நம்பரையும் டேக் நம்பரையும் எல்லாரும் பார்க்கிற பதிவில் போடாதீர்கள். குடும்பப் பெயரும் ஃபைல் நம்பரும் இருந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் ஃபைலைத் திறந்து பார்க்கலாம், சில தளங்களில் டெலிவரி முகவரியைக்கூட மாற்றலாம். தனிச் செய்தியில் கொடுங்கள்.

இரவுப்பறவை:

இன்னும் நம்பவே முடியவில்லை. உள்ளே இருந்த பொருள்களின் பட்டியலைச் சேர்த்து, ஏர்டேக் இணைப்போடு மெயில் போட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. இன்று டெலிவரிக்காரர் பெட்டியோடு வந்து நின்றார்! கைப்பிடியில் பழைய டேக் இல்லை, நுனியில் ஒட்டிய பசை மட்டும் இருக்கிறது. புது டேக்கில் பெரிதாக 'ரஷ்' என்று அச்சாகியிருக்கிறது. ராம்ப்காரர் சொன்னது அப்படியே.

ஆனால் ஒரு சக்கரம் உடைந்து உள்ளே போயிருக்கிறது, பூட்டையும் காணோம். டெலிவரிக்காரர் கையெழுத்து கேட்டார். "சக்கரம் சேதம், பூட்டு இல்லை" என்று எழுதித்தான் போட்டேன். இணையதளத்தில் ஃபைல் "முடிந்தது" என்று காட்டுகிறது. இதற்கும் அந்த 21 நாள்தானா?

சட்டப்புள்ளி:

கையெழுத்துக்கு மேலேயே எழுதியது ரொம்ப நல்லது. சேதத்துக்கு 21 கிடையாது, பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 7 நாள்தான், அதுவும் எழுத்தில். அவர்கள் ஃபைலை மூடியதற்கும் உங்கள் உரிமைக்கும் சம்பந்தமில்லை. சேதத்துக்கு ஒரு கடிதம், தாமதச் செலவுக்கு ஒரு கடிதம், தனித்தனியாக அனுப்புங்கள். ஒன்றாகப் போட்டால் சின்னதைத் தீர்த்துவிட்டு "கோரிக்கை முடிந்தது" என்பார்கள். முதலில் சேதக் கடிதம், இன்றைக்கே. பெட்டி ஏற்கெனவே பழுதாக இருந்தது என்று சொல்லித் தப்பிக்க அவர்களுக்கு இடமுண்டு. கிளம்பும் முன் எடுத்த போட்டோவில் தற்செயலாகப் பெட்டி விழுந்திருந்தால் அதையும் இணையுங்கள். பயணக் காப்பீடு இருந்தால் அவர்களும் இதே தாள்களைத்தான் கேட்பார்கள்.

பழைய_ராம்ப்காரன்:

ரஷ் டேக்கைக் கிழிக்காமல் முதலில் போட்டோ எடுங்கள், சக்கரமும் டேக்கும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி. பெட்டியின் பக்கவாட்டில் சின்ன பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பெரிய டேக் கிழிந்தால் உதவட்டும் என்றுதான் செக்-இன்னில் அதை ஒட்டுவார்கள். போட்டோவும் கடிதமும் போன பிறகு எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பயணத்தில் ஸ்கேனர் பழையதைப் படித்துத் தொலைக்கும்.

இரவுப்பறவை:

இருக்கிறது. மூன்று ஸ்டிக்கர், அதில் ஒன்று எப்போதோ போன பயணத்துடையது. போட்டோ எடுத்தாயிற்று, சேதக் கடிதம் போய்விட்டது. தானியங்கிப் பதிலாக ஒரு கேஸ் நம்பரும் வந்திருக்கிறது. ரசீதுகளை ஸ்கேன் செய்துவிட்டு அடுத்த கடிதத்தை எழுதுகிறேன்.